மூலப்படி யாரிடம் இருக்கிறது? பழைய கச்சேரிப் பதிவுகளும் பெண்குரல்களின் வரலாறும்

பழைய கர்நாடக இசைக் கச்சேரி ஒன்றின் ஒலிப்பதிவு மறுவெளியீடாக வந்தால் ரசிகர்களிடையே ஒரு விவாதம் தவறாமல் தொடங்கும். இது எந்த ஆண்டுக் கச்சேரி? வானொலி நிலையத்து நாடாவா, சபாவின் ஒலிபெருக்கியிலிருந்து நேரடியாக எடுத்ததா, முன்வரிசையில் இருந்தவர் மடியில் வைத்துப் பதிந்ததா? இது மூலநாடாவா, படியின் படியா? சுருதி ஏறியிருக்கிறதே, ஓட்டிய வேகம் சரிதானா? கரகரப்பை நீக்குகிறேன் என்று குரலையே வழித்து எடுத்துவிட்டார்களா?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வேலையற்றவர்களின் சண்டையாகத் தோன்றலாம். தமிழ் இலக்கியம் பயின்றவளுக்கு அப்படித் தோன்றுவதில்லை. ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் கேட்ட கேள்விகள்தாம் இவை. எந்தச் சுவடி பழையது, யார் படியெடுத்தது, எங்கே இடைச்செருகல், எதைப் பாடபேதமாகக் காட்டுவது என்பதெல்லாம் நாம் பதிப்பியல் வகுப்பில் படித்தவை. ஒலிநாடாவும் ஒரு சுவடிதான். அதையும் கரையான் வேறு வடிவத்தில் அரிக்கிறது.

ஆனால் இந்த விவாதத்தில் பெரும்பாலும் எழாத ஒரு கேள்வி உண்டு. பாடியவர் பெண்ணாக இருக்கும்போது, அவர் குரலை யார் பதிந்தார்கள், யார் வைத்திருந்தார்கள், எதை வெட்டினார்கள், யார் பெயரை விட்டார்கள் என்ற கேள்வி. ஒலித்தரம் பற்றிய பேச்சுக்குள் பெண்களின் வரலாறு பற்றிய பேச்சும் ஒளிந்திருக்கிறது என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

வெட்டப்பட்ட முன்னுரை

இசைத்தட்டுக்கு முன் ஒரு புத்தகத்திலிருந்து தொடங்கலாம். தஞ்சை மராத்திய அரசவையில் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய காவியம் ‘ராதிகா சாந்த்வனமு’. 1887இல் அதை அச்சிட்ட வெங்கடநரசு, சில பாடல்களையும் நூலின் முகப்புப் பகுதியையும் விட்டுவிட்டார். அந்த முகப்பில்தான் முத்துப்பழனி தன் பாட்டி வழியாக, பெண்கள் வழியாகத் தன் மரபைச் சொல்லியிருந்தார். காமம் சார்ந்த பாடல்கள் நீக்கப்பட்டது புரிகிறது. ஒரு பெண் தன் பாட்டியின் பெயரைச் சொன்ன பகுதியும் சேர்ந்து போனதுதான் கவனிக்க வேண்டியது.

பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்த அச்சுப் பதிப்பைக் கையெழுத்துப் படியோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றைச் சேர்த்து 1910இல் முழு நூலை வெளியிட்டார். எதிர்ப்பு கிளம்பியது, நூல் தடைசெய்யப்பட்டது. தடை நீங்கியது 1947இல்தான். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் என்று இன்று அவரை நினைக்கிறோம். மூலப்படியைத் தேடிய பதிப்பாசிரியர் என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. அவரே இசைத்தட்டுகளிலும் பாடியவர். மறுவெளியீட்டில் என்ன வெட்டுப்படுகிறது என்று கேட்ட நம் முன்னோடி அவர்தான்.

மூன்று நிமிடம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த ஒலிப்பதிவு நிறுவனங்களுக்கு முதலில் வாய் திறந்து பாடிக்கொடுத்தவர்களில் பெரும்பகுதியினர் தேவதாசி, தவாயிப் மரபுப் பெண்கள். கல்கத்தாவில் கௌஹர் ஜான் 1902இல் பாடினார். தெற்கே சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோர் பாடினார்கள். குலப்பெருமை பேசிய வித்துவான்கள் பலர் இயந்திரத்தின் முன் உட்காரத் தயங்கிய காலம் அது.

கௌஹர் ஜான் தம் பாட்டின் முடிவில் ஆங்கிலத்தில் தம் பெயரைச் சொல்வார். பதிவுகள் அச்சாக ஜெர்மனியின் ஹனோவருக்குப் போயின. அங்கே லேபிள் ஒட்டுபவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டும். தொழிற்சாலைத் தேவைக்காகச் சொன்ன அந்த ஒரு வரி இன்று வரலாற்றுச் சான்று. பாட்டு முடிந்ததும் வருவதை வேண்டாத பேச்சு என்று வெட்டிவிடும் மறுவெளியீடு, முத்துப்பழனியின் முகப்பை வெட்டிய பதிப்பாசிரியரின் வேலையையே செய்கிறது.

கோயம்புத்தூர் தாயியின் தட்டு ஒன்று பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் டெலாஜின் கைக்குப் போனது. அதைக் கேட்டு அவர் ‘ராகமாலிகா’ என்ற படைப்பை எழுதினார். ஐரோப்பிய மேடையில் டெலாஜின் பெயர் நின்றது. தாயியின் பெயரை ஆய்வாளர்கள் பின்னால் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

இந்தத் தட்டுகளின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் பதிய முடியும். ஆலாபனையை ஓரிரு கீற்றில் காட்டி, பல்லவி அனுபல்லவியை விரைந்து முடித்தாக வேண்டும். ஆண்களுக்கும் இதே கட்டுப்பாடுதான். ஆனால் பெண்களின் விஷயத்தில் இந்தக் குறுகல் வேறொரு பொய்க்குத் துணைபோனது. பெண்கள் பாட்டு பாடுவார்கள், ராகத்தை விரிக்க மாட்டார்கள்; துக்கடா பாடுவார்கள், பல்லவி அவர்களால் ஆகாது என்பது அக்காலச் சங்கீத உலகின் பொதுப்பேச்சு. கையில் இருக்கும் சான்று மூன்று நிமிடத் தட்டு மட்டுமானால், அந்தப் பேச்சு உண்மைபோலவே ஒலிக்கும்.

இங்குதான் கச்சேரி நாடாக்களின் பெறுமதி. டி.கே. பட்டம்மாள் ராகம் தானம் பல்லவியை மேடையில் எடுத்து, ‘பல்லவி பட்டம்மாள்’ என்றே பெயர் வாங்கினார். எம்.எல். வசந்தகுமாரியின் ஸ்வரப் பிரஸ்தாரத்தின் நீளத்தையும், பிருந்தா முக்தா சகோதரிகளின் பதங்கள் நகரும் நிதானத்தையும் தட்டில் அடக்க முடியாது. அவற்றைக் கேட்க மூன்று மணி நேரக் கச்சேரியின் நாடா வேண்டும். அந்தக் கச்சேரியையே குறுந்தகட்டில் அடக்க ஒருவர் வெட்டத் தொடங்கினால் முதலில் வெட்டுவது எதை? நீண்ட பல்லவியையா, தெரிந்த பாட்டுகளையா? தெரிந்த பாட்டு விற்கும் என்பதற்காகப் பல்லவி போய்விட்டால், அந்தப் பழைய பொய்க்கு நாம் மறுபடியும் சான்று தயாரித்துக் கொடுக்கிறோம்.

அரைக்கட்டை வித்தியாசம்

ரசிகர்கள் அதிகம் சண்டையிடுவது வேகத்தைப் பற்றி. இன்று எல்லாப் பழைய தட்டுகளையும் நிமிடத்துக்கு 78 சுழற்சி என்று சொல்கிறோம். தொடக்ககாலத் தட்டுகள் அந்த வேகத்தில்தான் வெட்டப்பட்டன என்பதற்கு உறுதியில்லை. 74 சுழற்சியில் வெட்டிய தட்டை 78இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை ஏறிவிடும். ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரையில் பாடியதாகக் கேட்கும்; காலமும் துரிதமாகும்; கமகம் நடுக்கமாகத் தெரியும். நாடாவிலும் இதே சிக்கல் உண்டு. பேட்டரி தளர்ந்த இயந்திரத்தில் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் மெலிந்து உயரும்.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் தட்டு 1926இல் வந்தபோது அவருக்குப் பத்து வயது. உடன் வீணை வாசித்தவர் தாய் சண்முகவடிவு. அந்தப் பதிவின் வேகத்தைச் சிறிது மாற்றினால் அந்தச் சிறுமியின் வயதையே மாற்றிக் கேட்கிறோம்.

வேகத்தைத் திருத்துபவர்கள் வழக்கமாகப் பாடகரின் தெரிந்த சுருதியை வைத்துச் சரிபார்ப்பார்கள். சுருதி தெரியாதபோது காது சொல்வதை நம்புவார்கள். இந்தக் காதுக்குள் பெண்குரல் எப்படி இருக்கும் என்ற முன்முடிவு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். கே.பி. சுந்தராம்பாளின் உயரத்தை அறியாத ஒருவர், பெண் இவ்வளவு மேலே பாட முடியாது என்று எண்ணி வேகத்தைக் குறைத்துவிடலாம். பட்டம்மாளின் கனத்த, ஆழமான குரலை அறியாதவர், பெண்குரல் இன்னும் மென்மையாக அல்லவா இருக்கும் என்று எண்ணி வேகத்தைக் கூட்டிவிடலாம். இரண்டிலும் இயந்திரம் பிழை செய்யவில்லை. பெண்மை பற்றிய ஒரு கருத்து பொத்தானைத் திருகியிருக்கிறது.

இதற்கு நல்ல ரசிகர்கள் கண்டுபிடித்த வழிகள் மெச்சத்தக்கவை. மின்சாரத்தில் ஓடும் கருவியில் பதிந்தால் ‘ம்ம்’ என்ற முணகல் அடியில் சேரும். நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சி; அமெரிக்காவில் 60. முணகல் 52இல் கேட்டால் நாடா வேகமாக ஓடுகிறது என்று ஊகிக்கலாம். அந்த முணகல் பின்னாளில் படியெடுக்கும்போது சேர்ந்ததாகவும் இருக்கலாம் என்பதால் அதையும் எச்சரிக்கையோடுதான் கொள்ள வேண்டும். ஆண்டைக் கண்டுபிடிக்கப் பக்கவாத்தியம் உதவும். எம்.எல்.வி. கச்சேரியில் ஏ. கன்யாகுமாரியின் வயலின் கேட்டால் அது 1970களின் தொடக்கத்துக்கு முற்பட்டதல்ல. பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பெண்களுக்கு மிருதங்கம் வாசிக்காதிருந்து, பிற்காலத்தில் பட்டம்மாளுக்கு வாசித்தார். அவர் மிருதங்கம் ஒலிக்கும் பட்டம்மாள் பதிவு அந்தப் பிற்காலத்தையே காட்டும். பெண்களுக்கு வாசிக்க மாட்டேன் என்ற ஒரு காலத்து வழக்கம், நாடாவில் இப்படித் தேதி முத்திரையாகப் பதிந்து கிடக்கிறது.

வானொலி வடிகட்டியது

மூலம் எது என்ற விவாதத்தில் வானொலி நாடாவுக்குத்தான் முதல் மரியாதை. நல்ல ஒலிவாங்கி, அமைதியான அறை, தேதியிட்ட பதிவேடு. அகில இந்திய வானொலி 2003 முதல் ‘ஆகாசவாணி சங்கீத்’ என்ற பெயரில் தன் காப்பகப் பதிவுகளை வெளியிடத் தொடங்கியபோது ரசிகர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

அந்தக் காப்பகத்துக்குள் யார் நுழைய முடிந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில், வல்லபபாய் படேல் வானொலித் துறைப் பொறுப்பில் இருந்தபோது, தனிவாழ்க்கை பொது அவதூறுக்கு இடமானது என்று கருதப்பட்ட பெண்களை வானொலியில் பாட அனுமதிக்க வேண்டாம் என்ற நிலைப்பாடு எடுக்கப்பட்டது. யாரைக் குறிவைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். இசைத்தட்டுத் தொழிலைக் குரல் கொடுத்து வளர்த்த மரபுப் பெண்கள்தாம் அவர்கள். சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும் 1947இல் வந்தது. அந்த முறை ஒழிய வேண்டியதே. ஆனால் முறையோடு சேர்த்து அப்பெண்களின் கலையும் நெறிகெட்டதாக ஒதுக்கப்பட்டது. ஆகவே மிகத் தூய்மையான மூலம் என்று நாம் கொண்டாடும் காப்பகமும் ஒரு வடிகட்டியின் வழியே நிரம்பியதுதான்.

வடிகட்டிக்கு வெளியே நின்றவர்களைத் தேடினால் தனியார் நாடாக்களிடம்தான் போக வேண்டும். வீணை தனம்மாள் 1938இல் மறைந்தார். ஜார்ஜ் டவுன் வீட்டில் அவர் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைக் கேட்கப் பெரிய வித்துவான்கள் போய் உட்கார்ந்தார்கள் என்று படிக்கிறோம். நமக்குக் கிடைப்பதோ சில தட்டுகள் மட்டும். அவர் பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் வணிகப் பதிவுகள் மிகக் குறைவாகவே செய்தார்கள். அவர்கள் பாட்டின் பெரும்பகுதி நமக்கு வந்து சேர்ந்தது ரசிகர்கள் வைத்திருந்த நாடாக்களால். ஸ்பூல் இயந்திரம் வாங்கி, நாடா வாங்கி, ஐம்பது ஆண்டு பூஞ்சை பிடிக்காமல் காத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அந்தக் கடனை ஒப்புக்கொண்டே ஒன்று கேட்க வேண்டும். பாடியவரிடம் அனுமதி கேட்டார்களா? நிகழ்த்துநர் உரிமை என்ற ஒன்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தில்தான் நுழைந்தது. அதற்கு முன் மேடையில் பாடிய பெண்ணுக்குத் தன் குரல் எந்த அலமாரிக்குப் போகிறது என்று கேட்கச் சட்டத்தில் இடமில்லை. குறைவாகப் பதிந்துகொள்வது என்ற முடிவும் ஒரு கலைஞரின் முடிவுதான். அதை மீறி வந்து சேர்ந்த நாடாவைக் கேட்டு மகிழும் நாம், அதன் வரலாற்றையாவது மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தம்புரா போன இடம்

இன்று கணினியில் இரைச்சலை நீக்குவது எளிது. பாட்டு தொடங்குமுன் உள்ள சில விநாடிகளை மாதிரியாகக் காட்டினால், அதில் இருப்பது போன்ற ஒலியைப் பதிவு முழுவதிலிருந்தும் மென்பொருள் கழித்துவிடும். நாடாவின் ‘ஸ்’ என்ற சீறல் போகும். ஆனால் கச்சேரியில் பாட்டு தொடங்குமுன் கேட்பது வெறும் சீறல் மட்டுமா? தம்புரா ஓடிக்கொண்டிருக்கும். மாறாமல் தொடர்வதையெல்லாம் இரைச்சல் என்று எடுத்துக்கொள்ளும் கருவிக்கு, தம்புராவின் ரீங்காரமும் இரைச்சலாகப்படும். கவனமில்லாமல் செய்தால் சீறலோடு தம்புராவின் மேல்நாதங்களும் தேய்ந்துபோகும். பாடகி வெற்றிடத்தில் நின்று பாடுவது போலாகும்.

தம்புரா மீட்டுபவர் பெரும்பாலும் மாணவி, மகள், அல்லது உறவுக்காரப் பெண். மேடையில் பின்னால் உட்கார்ந்து மூன்று மணி நேரம் விரலை நிறுத்தாமல் சுருதியைத் தாங்கியிருப்பார். உறையில் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் பெயர் இருக்கும்; இவருக்குப் பெரும்பாலும் இருக்காது. பெயரில்லாமல் இருந்தவரின் ஒலியும் இப்போது இல்லாமல் போகிறது.

கூடப் பாடியவர்களின் நிலையும் இதற்கு அருகில்தான். 1966இல் ஐக்கிய நாடுகள் அவையில் எம்.எஸ். பாடியபோது உடன் பாடியவர் ராதா விஸ்வநாதன். பல்லாண்டு மேடைகளில் அந்த இரண்டாவது குரல் முதல் குரலோடு இழைந்தே ஒலித்தது. சுப்ரபாதத்தைத் தினம் கேட்டு எழும் வீடுகளில்கூட அதில் இருவர் பாடுகிறார்கள் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. ஒற்றைக் குரலை முன்னுக்குக் கொண்டுவரும் எந்தத் திருத்தமும் இந்த இழைவைப் பிரித்துவிடும்.

இதனால் கரகரப்பு புனிதமானது என்று நான் சொல்லவில்லை. அடுக்களையில் மிக்ஸி சத்தத்துக்கிடையிலும், பேருந்தில் ஒற்றைக் காதொலிப்பானிலும் கேட்கும் பெண்களுக்கு வார்த்தை தெளிவாகக் கேட்க வேண்டும். சுத்தம் செய்யட்டும். செய்யாத படியையும் காக்கட்டும், என்ன செய்தோம் என்று எழுதட்டும். பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டுவது பதிப்பாசிரியருக்குக் கடமை என்றால் ஒலிப் பதிப்பாசிரியருக்கும் அதுதான் கடமை.

இருக்கன்குடி ஒலிபெருக்கி

எங்கள் விருதுநகர் மாவட்டத்திலிருந்து பார்க்கும்போது இந்த விவாதத்தின் எல்லையும் தெரிகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவைக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்தார், அதை எம்.எல்.வி. பாடிய தட்டு மார்கழி விடியலில் வானொலி வழியே ஊர் ஊராகக் கேட்டது. இந்த மண்ணில் பிறந்த பெண்ணின் சொல், இன்னொரு பெண்ணின் குரலில் திரும்பி வந்தது. அதன் பதிவுத்தரம் பற்றிப் பேச இன்றும் ஆளிருக்கிறது.

ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகும் சாலையிலும், விருதுநகர் பங்குனிப் பொங்கலிலும் கூம்பு ஒலிபெருக்கியில் உயர்வது எல்.ஆர். ஈஸ்வரியின் குரல். தலைமுறைகளாகப் பெண்கள் சாமியாடியது அந்தக் குரலுக்குத்தான். அந்தப் பாட்டுகளின் மூலநாடா எங்கே, எந்தப் படி நல்ல படி, கூட வாசித்தவர்கள் யார் என்று சண்டையிட எத்தனை பேர் இருக்கிறார்கள்? வயலில் பாடியவர்களும், ஒப்பாரி வைத்தவர்களும், கும்மி அடித்தவர்களும் அதற்கும் வெளியே. எந்தக் குரலின் ஒலித்தரம் விவாதத்துக்குரியது என்பதைச் சாதியும் வர்க்கமும் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன.

லேபிள் என்ற சொல்லை எங்கள் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சடித்து வளர்ந்த ஊர் சிவகாசி. பெட்டியின் மேல் அழகிய பெண்ணின் படம் இருக்கும். நிறுவனத்தின் பெயர் இருக்கும். காகிதக் குழல் உருட்டி, திரி வைத்து, பெட்டி அடைத்த பெண்களின் பெயர் அதில் இராது. அவர்களில் பலருடைய பெயர் முதன்முதலாக அச்சாவது விபத்துச் செய்தியில். இசைத்தட்டின் லேபிளைப் படிக்கும்போதும் இந்த ஊர்ப் பெண்களுக்கு இருக்கும் ஒரு கேள்வி உதவும்: இதைச் செய்த வேறு கைகள் எவை?

என் மாணவிகளிடம் இப்போது கைபேசி இருக்கிறது. பலர் தங்கள் பாட்டிமாரின் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிந்து வருகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது சில எளிய காரியங்கள். பதியும்முன் பாட்டியிடம் கேள். வேண்டாம் என்றால் விட்டுவிடு. தொடக்கத்திலேயே அவர் பெயரை அவர் வாயால் சொல்லச் சொல். ஊரையும் நாளையும் நீ சொல். யாரிடம் கற்றார் என்று கேள். பெரும்பாலும் அங்கே இன்னொரு பெண்ணின் பெயர் வரும். நடுவில் கோழி கத்தினாலும், பக்கத்து வீட்டு அக்கா கூடச் சேர்ந்து பாடினாலும் வெட்டாதே. அந்த அக்காவின் பெயரையும் எழுது. முதல் கோப்பை அப்படியே ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, படியில் மட்டும் கை வை.

நாகரத்தினம்மாள் 1910இல் ஒரு முகப்புப் பகுதியைத் திரும்பச் சேர்த்ததால்தான் முத்துப்பழனியின் பாட்டி யார் என்று நாம் படிக்க முடிகிறது. நம் பாட்டிகளின் பதிவை நாற்பது ஆண்டு கழித்து யாரோ ஒருத்தி எடுத்து, இது எங்கிருந்து வந்தது என்று கேட்பாள். அவளுக்கான பதில் அந்தக் கோப்பிலேயே இருக்க வேண்டும்.